ஐந்து ஜெர்சிகள், ஒரு ரொனால்டோ, தவறான எண்கள்

பழைய கால்பந்து ஜெர்சிகளை மறுபடி தைத்து விற்கும் இணையக் கடைகள் இப்போது பெருகிவிட்டன. அவற்றில் ஒன்றிலிருந்து, பிரேசிலின் ரொனால்டோ அணிந்த ஜெர்சிகள் என்ற பெயரில் ஐந்து ஜெர்சிகள் கொண்ட தொகுப்பு ஒன்றைச் சென்ற மாதம் 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். இன்றைய இளைஞர்கள் ரொனால்டோ என்றதும் நினைக்கும் போர்ச்சுகல்காரர் அல்லர் இவர். 1976இல் ரியோ டி ஜெனீரோவில் பிறந்து, பிரேசிலுக்காக 98 ஆட்டங்களில் 62 கோல் அடித்து, 2011இல் ஓய்வு பெற்ற ரொனால்டோ நசாரியோ. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரே இடத்தில் தைக்கப்படும் இதே சரக்கைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்கிறார்கள் என்பதால் பெயரைச் சொல்லிப் பயனும் இல்லை. இவை உரிமம் பெற்ற தயாரிப்புகள் அல்ல என்பது தெரிந்தே வாங்கினேன். ஆகவே அசல் துணியையோ அசல் முத்திரையையோ நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஸ்டிரைக்கரின், அதாவது கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்கள வீரரின், வாழ்க்கையைத் தொகுப்பாக விற்கிறவர், அந்த வாழ்க்கையை ஒருமுறையாவது படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டுமே எதிர்பார்த்தேன்.

தொகுப்பில் சிறந்தது 1996–97 பருவத்துப் பார்சிலோனா ஜெர்சி. கப்பா நிறுவனம் அன்று தைத்த தொளதொளவென்ற அளவு, பார்சிலோனாவின் நீலமும் கருஞ்சிவப்பும், விளம்பரம் எதுவும் இல்லாத வெறும் மார்பு, முதுகில் ஸ்டிரைக்கர்களுக்கே உரிய 9 என எல்லாமே சரியாக இருக்கின்றன. அந்த ஒரே பருவத்தில் ரொனால்டோ 49 ஆட்டங்களில் 47 கோல் அடித்தார். அப்போது அவருக்கு இருபது வயது. 1996 அக்டோபர் 12 அன்று கொம்போஸ்டெலா அணிக்கு எதிராக அவர் அடித்த கோலைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொளதொளப்பின் பொருள் புரியும். நடுக்கோட்டுக்கு அருகே பந்தைப் பறித்துக்கொண்டு ஓடத் தொடங்குகிறவரை எதிரணி வீரர் ஒருவர் பின்னாலிருந்து ஜெர்சியைப் பற்றி இழுக்கிறார். துணி நீள்கிறது, கால் நிற்கவில்லை. பிறகு வரிசையாக வந்து மறித்தவர்களையும் கடந்து பந்து வலைக்குள் போனதும், பயிற்சியாளர் பாபி ராப்சன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வந்து சேர்ந்த அன்று நானும் இந்த ஜெர்சியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தையல் தாங்கியது.

அடுத்தது 1997–98 பருவத்து இண்டர் மிலான் ஜெர்சி. கறுப்பும் நீலமுமான பட்டைகள், அம்ப்ரோ சின்னம், மார்பில் பிரெல்லி விளம்பரம் ஆகிய மூன்றும் உள்ளன. முதுகைத் திருப்பினால் 9 என்று அச்சிட்டிருக்கிறார்கள். இங்கேதான் கடையின் அறியாமை முதலில் வெளிப்படுகிறது. இண்டரில் அந்த எண் சிலி நாட்டு ஸ்டிரைக்கர் இவான் சமோரானோவிடம் இருந்ததால், முதல் பருவம் முழுவதும் ரொனால்டோ 10ஆம் எண்ணையே அணிந்தார். 1998 மே மாதம் பாரிசில் நடந்த, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூஃபா கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலியின் லாசியோ அணி கோல்கீப்பரைப் பந்தைத் தொடாமலே ஏமாற்றிச் சுற்றிக்கொண்டுபோய் அவர் அடித்த கோலும் 10ஆம் எண்ணில் அடித்ததுதான். மறு பருவம் ரொபெர்டோ பாஜியோ வந்து 10ஐ எடுத்துக்கொண்டார்; 9 ரொனால்டோவுக்கு வந்தது. எண்ணை விட்டுக்கொடுத்த சமோரானோ 18ஐ வாங்கி, இரண்டு இலக்கங்களுக்கும் நடுவே சிறிய கூட்டல் குறி ஒன்றை ஒட்டிக்கொண்டு ஆடினார். ஒன்றும் எட்டும் ஒன்பது. இந்தக் கடை அந்தச் சமோரானோ ஜெர்சியைத் தனியாகத் தைத்து விற்றால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

கைக்கு வந்த அந்த 9 அவருக்கு இத்தாலியில் நன்மை செய்யவில்லை. 1999 நவம்பரில் லெச்சேவுக்கு எதிரான ஆட்டத்தில் வலது முழங்காலின் தசைநாண் கிழிந்தது. அறுவை முடிந்து, 2000 ஏப்ரல் 12 அன்று ரோமில் லாசியோவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கிய சில நிமிடங்களில், எவரும் தொடாமலே, அதே முழங்கால் மடங்கித் தசைநாண் முழுவதுமாக அறுந்தது. அதற்கு அடுத்த பருவம் முழுவதும் அவர் களத்தில் இல்லை. ஸ்டிரைக்கர் என்பவர் நின்ற இடத்திலிருந்து முதல் இரண்டு அடியை மற்றவர்களுக்கு முன்னால் வைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். அந்த இரண்டு அடிக்கும் விசை தருவது முழங்கால் சிப்பியைப் பிடித்திருக்கும் இந்தத் தசைநாண்தான்.

அந்தக் காலோடு அவர் வந்து நின்ற இடம்தான் தொகுப்பின் மூன்றாவது ஜெர்சி: 2002 உலகக் கோப்பையில் பிரேசில் அணிந்த மஞ்சள். நான் இந்தத் தொகுப்பை வாங்கியதே இதற்காகத்தான். ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணிக்கு யோகஹாமாவிலிருந்து நேரலை. 67ஆம் நிமிடத்தில் சக வீரர் ரிவால்டோ அடித்த பந்தை ஜெர்மனியின் கோல்கீப்பர் ஒலிவர் கான் நெஞ்சோடு அணைக்க முயன்று நழுவவிட, ஓடி வந்த ரொனால்டோ உள்ளே தட்டினார். 79ஆம் நிமிடத்தில் ரிவால்டோ கால் வைக்காமல் விட்ட பந்தை வாங்கி ஓரத்தில் உருட்டினார். அந்தத் தொடரில் மொத்தம் எட்டுக் கோல். நான்கு ஆண்டுகளுக்கு முன் பாரிசில் இறுதியாட்டத்தன்று பிற்பகல் வலிப்பு வந்து, பெயர்ப்பட்டியலிலிருந்து முதலில் நீக்கப்பட்டு, பிறகு சேர்க்கப்பட்டு, பிரான்சிடம் 0–3 என்று தோற்றுத் திரும்பிய அதே மனிதர்.

இந்த ஜெர்சியின் மார்புச் சின்னத்துக்கு மேலே, வென்ற உலகக் கோப்பைக்கு ஒன்று என்ற கணக்கில், ஐந்து நட்சத்திரங்களைத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஐந்தாவது நட்சத்திரம் அன்று மாலை ரொனால்டோ அடித்த இரண்டு கோல்களுக்குப் பிறகு கிடைத்தது. ஆட்டத்தின்போது அவர் நெஞ்சில் இருந்தவை 1958, 1962, 1970, 1994 ஆகிய ஆண்டுகளுக்கான நான்கு மட்டுமே. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "நாலு நட்சத்திரம் போட்டா டூப்ளிகேட்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுறாங்க சார்" என்றார். அவர் சொன்னது பொய்யாக இருக்காது என்றே தோன்றுகிறது.

துணியிலும் ஒரு குறை உண்டு. 2002இல் நைக்கி தைத்த அசல் ஜெர்சி இரட்டை அடுக்கு: வெளியே ஒன்று, வியர்வைக்காக உள்ளே வலை போன்ற மற்றொன்று. எனக்கு வந்தது ஒற்றை அடுக்கு. இதை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன்; அந்த இறுதியாட்டத்திலேயே ஜெர்சி மாற்றப்போன பிரேசில் வீரர் எட்மில்சன், இரண்டு அடுக்குக்குள் எந்தத் துளையில் தலையை விடுவது என்று தெரியாமல் ஆட்டத்தை நிறுத்திவைத்துப் போராடியதை உலகமே பார்த்தது. சென்னை வெயிலுக்கு ஒற்றை அடுக்கே போதும்.

நான்காவது, 2002–03 ரியல் மாட்ரிட். வெள்ளைத் துணி, அடிடாஸ் கோடுகள், சீமென்ஸ் மொபைல் விளம்பரம், முதுகில் மறுபடியும் 9. அந்தப் பருவத்தில் மாட்ரிட்டின் 9 பெர்னாண்டோ மொரியெண்டஸ், ரொனால்டோ 11. 2003 ஏப்ரலில் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல் அடித்துவிட்டு அவர் வெளியே நடந்தபோது எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் பார்த்து அனுப்பிவைத்த முதுகில் இருந்தது 11தான். (9ஐ விட்டுவிட்டு மொனாக்கோவுக்கு இரவலாகப் போன மொரியெண்டஸ், மறு ஆண்டே ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் காலிறுதியில் இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்து ரியலை வெளியேற்ற உதவினார். எண்ணை இழந்தவர்களிடம் கவனமாக இருப்பது நல்லது.)

ஐந்தாவதான ஏ.சி. மிலான் ஜெர்சியில், சக வீரர் இன்சாகியிடம் 9 இருந்ததால் ரொனால்டோ வாங்கிக்கொண்ட 99ஐச் சரியாகவே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் கையில் சாம்பியன்ஸ் லீக் ஒட்டுச்சின்னத்தைச் சேர்த்துவிட்டார்கள். 2007 ஜனவரியில் மிலானுக்குப் போன அவர், அதே பருவத்தில் ரியலுக்காக அந்தப் போட்டியில் ஆடிவிட்டதால், மிலானுக்காக அதில் இறங்க விதி இடம் தரவில்லை. மிலான் அந்த ஆண்டு கோப்பையை வென்றது, ரொனால்டோ பார்வையாளர். இரண்டு உலகக் கோப்பைப் பதக்கங்களும், ஆண்டின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து (பாலோன் டி'ஓர்) விருதுகள் இரண்டும் உள்ளவரிடம் கடைசிவரை இல்லாத கோப்பை அதுதான். அந்தச் சின்னத்தை அவர் கையிலேயே ஒட்டி அனுப்பியிருப்பது அறியாமையாக இருந்தாலும் சற்றே கொடுமையாகத்தான் இருக்கிறது.

சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொட்டலம் ஐந்தாம் நாளே வந்தது. அளவு நம் ஊர்க் கணக்குக்கு ஒன்று குறைவு; எல் அணிகிறவர் எக்ஸ்எல் கேட்க வேண்டும். மூன்றாவது சலவையில் இண்டர் ஜெர்சியின் 9 ஓரத்தில் உரியத் தொடங்கியது, அது எனக்கு வருத்தம் தரவில்லை. இண்டருக்கும் மாட்ரிட்டுக்கும் எண்ணை மாற்றி அச்சிட்டுத் தரக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார்; அனுப்பும் செலவு என்னுடையது. பிரேசிலை மட்டும் திரும்பப் பெற மறுத்துவிட்டார். வாங்க நினைப்பவர்கள் தொகுப்பாக வாங்காமல் பார்சிலோனாவை மட்டும் 1,150 ரூபாய்க்குத் தனியாக வாங்கலாம், மற்றவற்றுக்குப் பெயரும் எண்ணும் அச்சிடாத வெற்று ஜெர்சி கேட்டு வாங்கி உள்ளூரில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

பிரேசில் ஜெர்சியைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து, ஒரு நட்சத்திரத்தைப் பிரித்துத் தரச் சொன்னேன். எதைப் பிரிப்பது என்று கேட்டார். நடுவில் இருப்பதை எடுத்தால் ஓட்டை தெரியும், ஓரத்தில் இருப்பதை எடுத்தால் சாய்வாக நிற்கும். ஓரத்தில் உள்ளதையே எடுக்கச் சொன்னேன். இப்போது நான்கும் வலப்பக்கம் சற்றே ஒதுங்கி நிற்கின்றன. ஐந்தாவது இருந்த இடத்தில் ஊசித் துளைகள் இன்னும் மூடவில்லை.