ராரிட்டன் விரிகுடாவில் ஸ்ட்ரைப்பர்: ட்ரோலிங்கா, உயிர் இரையா, பாப்பரா?

நியூ ஜெர்சியில் விரிகுடாவும் ஆறும் ஸ்ட்ரைப்ட் பாஸ் (உடலில் கோடுகள் ஓடும் கடல்மீன், சுருக்கமாக ஸ்ட்ரைப்பர்) பிடிக்க மார்ச் 1 அன்றுதான் திறக்கும். அன்று தொடங்கி டிசம்பர் வரை, அங்குள்ள ராரிட்டன் விரிகுடாவில் சின்னப் படகு வைத்திருப்பவர்களிடம் தீராத வாக்குவாதம் இது: படகுக்குப் பின்னால் போலி இரையை இழுத்துப்போகும் ட்ரோலிங்கா, உயிர் இரையா, நீரின் மேல் தெறித்துத் துள்ளும் போலி இரையான பாப்பரா?

வாக்குவாதத்துக்கு முன் ஒரு கணக்கு. 2023 முதல், ஒருவர் ஒரு நாளைக்கு 28 முதல் 31 அங்குலம் வரையுள்ள ஒரு மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மற்றதெல்லாம் திரும்பக் கடலுக்கு. அப்படி விடும் மீன்களில் நூற்றுக்கு ஒன்பது செத்துப்போகும் என்றுதான் அரசின் மீன்வளக் கணக்கு ஓடுகிறது. அதனால் எந்த வழியில் அதிகம் மாட்டும் என்பதைவிட, மாட்டியது எந்த நிலையில் திரும்பப் போகும் என்றுதான் நான் பார்க்கிறேன்.

மீன் எங்கே நிற்கிறது என்றே தெரியாத ஏப்ரல் காலைகளுக்கு ட்ரோலிங் சரி. அரைக் கிலோ ஈயத் தலை வைத்த 'மோஜோ' என்ற போலி இரையைப் பின்னால் விட்டு, நடக்கிற வேகத்தில் படகை ஓட்டினால் போதும். மீன் கிடைக்கும். ஆனால் அந்தக் கனத்தில் மாட்டிய ஸ்ட்ரைப்பர் என்ன துள்ளினாலும் ஈரச் சாக்கை இழுப்பதுபோலத்தான் இருக்கும். பெட்ரோல் செலவு வேறு.

மே மாதம் பங்கர் கூட்டம் வந்துவிட்டால் நான் உயிர் இரை பக்கம். (பங்கர் என்றதும் பதுங்குகுழியை நினைக்க வேண்டாம், மத்திக்கு உறவான மென்ஹேடன் மீன்.) நீரின் மேல் மழைத்துளி விழுவதுபோலச் சலசலப்பு தெரியும். அதற்குள் மூன்றுமுனைத் தூண்டில் முள்ளை எறிந்து சுண்டினால் முதுகிலோ வாலிலோ குத்தி ஒரு பங்கர் வரும். முன்பெல்லாம் அதை அந்த முள்ளோடு அப்படியே இரையாக நீரில் விட்டுவிடுவார்கள். இப்போது அது கூடாது. படகுக்குள் எடுத்து, வட்ட முள்ளில் (முனை உள்நோக்கி வளைந்தது) மாற்றி மூக்கில் கோத்துத்தான் விட வேண்டும். ஸ்ட்ரைப்பர் இரையைக் கவ்வித் தங்கூசி ஓடத் தொடங்கியதும் கை துடிக்கும், சுண்டக் கூடாது. நாலைந்து எண்ணி, ரீலைப் பூட்டி, தங்கூசி தானாக இறுக விட்டால் முள் வாயோரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பழக்கத்தில் சுண்டிவிட்டு இரண்டு பெரிய மீன்களை இழந்த பிறகுதான் எனக்கு இது புத்தியில் ஏறியது. வாயோரத்தில் குத்திய முள்ளைக் கழற்ற ஐந்து விநாடி போதும், மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்கவே வேண்டாம். பெரிய மீன்தான் ஆசை என்றாலும் இதே வழிதான்: 2011இல் கிரெக் மையர்சன் பிடித்த 81.88 பவுண்டு உலக சாதனை மீனும் உயிருள்ள விலாங்குக்குத்தான் வந்தது.

ஜூலை, ஆகஸ்டில் நான் ஸ்ட்ரைப்பரைத் தேடுவதில்லை. வெந்நீரில் போராடிக் களைத்த மீன் பிழைப்பது கஷ்டம்.

அக்டோபரில் கடற்காகங்கள் கூட்டமாக விழுந்தெழும் இடத்தில் பாப்பர் எறிவதற்கு ஈடாக ஒன்றுமில்லை. எஞ்சினை அணைத்து, கூட்டத்தின் ஓரத்திலிருந்து எறிய வேண்டும். நடுவே ஓட்டிப் போகிறவருக்குப் பக்கத்துப் படகுகளிலிருந்து வசவு நிச்சயம். குறை ஒன்றுதான்: கடையில் வாங்கும் பாப்பரில் மூன்றுமுனை முள் இரண்டு தொங்கும். ஒன்று வாயில் மாட்டினால் மற்றது கண்ணிலோ செவுளிலோ, சில நாள் என் கட்டைவிரலிலோ. அதனால் வாங்கிய அன்றே இரண்டையும் கழற்றிவிட்டு, பின்னால் மட்டும் ஒற்றை முள் போட்டு, அதன் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரையும் குறடால் நசுக்கிவிடுகிறேன். சில மீன் நழுவத்தான் செய்கிறது.