புலோவா அக்யூட்ரான் 214 ஸ்பேஸ்வியூ: டயல் இல்லாத வாட்சில் எதைப் பார்த்து வாங்குவது?

அமெரிக்க வாட்ச் நிறுவனமான புலோவா 1960 அக்டோபரில் கொண்டுவந்த, செல்லில் ஓடும் அக்யூட்ரானில், சாவி கொடுக்கும் வாட்சுகளில் முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கணக்கிடும் சமனச் சக்கரம் கிடையாது. நொடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவைதான் நேரம் காட்டுகிறது. விநாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். காதில் வைத்தால் டிக் டிக் இல்லை, மெல்லிய ரீங்காரம். அந்த அழகுக்காகவே இதை வாங்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் இயந்திரம் வெளியே தெரியும் ஸ்பேஸ்வியூ மாடலில் ஏமாறுவது ரொம்ப எளிது.

காரணம், இதில் டயலே இல்லை. சாதாரண அக்யூட்ரானின் டயலைக் கழற்றிவிட்டு, கண்ணாடியையும் முட்களையும் மாற்றினால் 'ஸ்பேஸ்வியூ' தயார். சந்தையில் இப்படி மாற்றியவை ஏராளம். பல மாடல்களில் மணிக்குறிகள் கண்ணாடியின் உட்புறத்தில்தான் அச்சாகியிருக்கும். கீறலே இல்லாத புதுக் கண்ணாடியில் பளிச்சென்ற புள்ளிகள் இருந்தால், அது பிற்காலத்தில் மாற்றிப் போட்டது. அதனாலேயே வாட்ச் மோசமென்று ஆகாது. அசல் விலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

அடுத்து பின்மூடியில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டுக் குறி. 'எம்' எழுத்து 1960களையும் 'என்' 1970களையும் குறிக்கும். எம்4 என்றால் 1964. 214 என்ற எண் கொண்ட இந்த இயந்திரத்தில், நேரம் வைக்கும் திருகு பக்கவாட்டில் கிடையாது, அதற்கான மடக்குக் கைப்பிடி பின்பக்கம்தான் இருக்கும். பக்கவாட்டில் திருகு இருந்தால் அது வேறு இயந்திரம்.

டயல் உள்ள அக்கால வாட்சுகளில் 6 மணிக்குக் கீழே 'டி' எழுத்து இருந்தால் ஒளிப்பூச்சில் டிரிட்டியம் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு. அறுபது வருடத்துப் பூச்சு இன்றும் இரவு முழுக்க ஒளிர்ந்தால், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள்.

பெரிய தலைவலி செல்தான். இந்த வாட்ச் 1.35 வோல்ட் பாதரச செல்லுக்காகச் செய்தது. அது இப்போது தயாரிப்பில் இல்லை. இன்றைய சில்வர் ஆக்சைடு செல் 1.55 வோல்ட் தருகிறது. அதிர்வின் வீச்சு கூடுகிறது. கவையில் ஒட்டிய நுண்ணிய கல்விரல், 300 பல் கொண்ட சக்கரத்தை அதிர்வுக்கு ஒரு பல் தள்ளுவதற்குப் பதில் சில நேரம் இரண்டு பல் தள்ளிவிடும். வாட்ச் மணிக்குப் பல நிமிடம் முன்னால் ஓடும். கவை நுனியில் உள்ள சீராக்கியைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது. அது நாளுக்குச் சில விநாடி வித்தியாசத்துக்கு மட்டும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டயோடு கொண்ட மாற்று செல் போடுங்கள், அல்லது கல்விரல்களின் நிலையைத் தெரிந்தவரிடம் சரிசெய்யக் கொடுங்கள்.

ரீங்காரம் கேட்டும் முள் நகரவில்லையா? கல்விரலோ சக்கரமோ அழுக்கு, அல்லது சேதம். புது செல் போட்டும் ரீங்காரமே இல்லையென்றால் முதலில் செல் தொடும் முனையைத் துடைத்துப் பாருங்கள். அப்போதும் மௌனம்தான் என்றால் கவையை அதிரவைக்கும் மின்சுருள் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை வழுக்கினால் போதும். ஓடாத வாட்சை "செல் மட்டும் மாத்தணும்" என்று விற்றால், மாற்றி ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.