பட்டர்ஃபிளை மிஷின் வாங்கப் போறீங்களா? தூத்துக்குடி ஜிம்ல சில வருஷம் ஓட்டுன அனுபவம்

செஸ்ட் ஃப்ளை மிஷின் (உக்காந்து ரெண்டு கையையும் விரிச்சு நெஞ்சுக்கு முன்னாடி சேக்குறது, நம்ம பசங்க பாஷைல பட்டர்ஃபிளை) எது எடுக்கலாம்னு கேக்குறவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது ஸ்டாக் (மிஷின்ல அடுக்கி வச்ச வெயிட் பிளேட் மொத்தம்) எத்தன கிலோன்னுதான். நான் சொல்றது, மொத பிளேட் எத்தன கிலோன்னு கேளுங்க. 90 கிலோ ஸ்டாக் இருந்தா தாராளம், அத முழுசா தள்ளுறவன் எங்க ஜிம்ல விரல் விட்டு எண்ணிரலாம், அவனும் பாதி நேரம் இடுப்ப தூக்கி உடம்ப ஆட்டித்தான் தள்ளுவான். ஆனா காலைல வர்ற அக்காமாரு, அம்பது வயசு தாண்டுன அண்ணாச்சிங்க, தோள்பட்டை வலின்னு டாக்டர பாத்துட்டு வர்றவங்க, இவங்களுக்கு ஆரம்பமே 10 கிலோன்னா கைப்பிடி அசையவே அசையாது, ஒரு தடவ ட்ரை பண்ணிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டாங்க. மொத பிளேட் 5 கிலோ, கூட ரெண்டரை கிலோ ஏத்திக்கிற சின்ன வெயிட்டும் இருக்குற மிஷின்தான் எங்ககிட்ட காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஓடுது.

இன்னொண்ணு, ஒரு மிஷின்ல 40 போடுறேன் இன்னொண்ணுல 30தான் போகுதுன்னு பசங்க புலம்புவாங்க. புல்லி ரேஷியோ (கேபிள் ஓடுற சக்கரங்க வெயிட்ட எவ்வளவு லேசாக்குதுங்கிறது), கேம் (கேபிள் சுத்துற, சரியான வட்டமில்லாத சக்கரம்) ஷேப் ரெண்டும் மாறுனா அப்படித்தான் இருக்கும். 1970ல ஆர்தர் ஜோன்ஸ் நாட்டிலஸ் மிஷின கொண்டு வந்தப்பவே இந்தக் கேம்தான் விஷயம், கை விரியுறப்ப ஒரு லோடு, சேருறப்ப ஒரு லோடுன்னு மாத்திக் குடுக்கும். டம்பெல் ஃப்ளைல கை மேல வந்து சேர்ந்ததும் செஸ்ட்டுக்கு வேலையே இருக்காது, மிஷின்ல கடைசி வரைக்கும் இழுக்கும். அதனால படத்த பாத்து ஆர்டர் போடாதீங்க, நேர்ல உக்காந்து லைட் வெயிட்ல மெதுவா பத்து ரெப் போட்டுப் பாருங்க, நடுவுல எங்கயாவது வெட்டி வெட்டி வந்துச்சுன்னா எந்திரிச்சு வந்துருங்க.

முழங்கைய பேட்ல வச்சு தள்ளுற பழைய டைப் ஜிம்ம எடுத்தப்பவே இங்க கெடந்துச்சு. முன்னங்கை நேரா நிக்கிற பொசிஷன்லயே கை பின்னாடி போறதால தோள் முன்பக்கம் பிடிக்குதுன்னு நெறைய பேரு சொன்னாங்க, தூக்கியாச்சு. இப்ப இருக்கிறது கைப்பிடி டைப், திரும்பி உக்காந்தா ரியர் டெல்ட்டும் (தோளோட பின்பக்க தசை) போடலாம், வாடக குடுக்குற இடத்துல ஒரு மிஷின் ரெண்டு வேல செஞ்சா நல்லதுதானே. ஆனா பிரோஷர்ல போடுற அளவு அடிப்பாகத்துக்கு மட்டும், கைய விரிச்சா கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் வேணும். செவுத்தோரம் ஒட்டிப் போட்டா கண்ணாடில கை இடிக்கும்.

கை எவ்வளவு பின்னாடி போகணும்னு செட் பண்ற பின் இருக்கு பாருங்க, தேஞ்சு போறதுல மொத ஆளு அதுதான். லோடு இருக்கறப்பவே பசங்க இழுப்பாங்க, ஓட்டை முட்டை ஷேப்புக்கு வந்து கை லொடலொடன்னு ஆடும். லேத்துல குடுத்து புஷ் (ஓட்டைக்குள்ள பொருத்துற வளையம்) போட்டு வாங்குனோம், அதுக்கப்புறம் தொந்தரவு இல்ல. புது மிஷின் பாக்கப் போனா அந்த ஓட்டை இருக்குற தகடு எவ்வளவு கனம்னு தொட்டுப் பாருங்க, ஃப்ரேம் பைப் 3 எம்எம்னு பெருமையா சொல்லிட்டு இந்த எடத்துல மெல்லிசா விட்ருப்பாங்க.

அப்புறம் எங்க ஊரு உப்புக் காத்து. ஃப்ரேம் பெருசா துரு பிடிக்காது, போல்ட்டு தலையிலயும் வெல்டிங் ஓரத்துலயும் பவுடர் கோட்டிங் உரிஞ்சு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். போல்ட்ட எல்லாம் ஸ்டெயின்லெஸ்ல மாத்திட்டோம். கைடு ராடு (பிளேட் ஏறி இறங்குற கம்பி) குரோம்ல புள்ளி புள்ளியா வந்துச்சுன்னா பிளேட் தடவித் தடவி இறங்கும், அதனால துணி வச்சு தொடச்சு சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கணும். கிரீஸ் வேணாம், தூசிய எல்லாம் சேத்து வச்சுக்கும், தேங்கா எண்ணெய் ஊத்துற மகராசங்களும் இருக்காங்க, கும்பிடு போட்டு தடுத்துருங்க.

பேரிங் 6204 மாதிரி ஸ்டாண்டர்டு நம்பரா இருந்தா எந்த பேரிங் கடைலயும் கிடைக்கும், அரை மணி வேல. எங்க மிஷின்ல கைப்பிடி சுத்துற எடத்துல மட்டும் கம்பெனி சொந்தமா செஞ்ச புஷ், அது ஜலந்தர்ல இருந்து வரணும்னு டீலர் சொன்னாரு, வாரக்கணக்குல மிஷின் மேல போர்டு தொங்குச்சு, செஸ்ட் டே அன்னைக்கு பசங்க மூஞ்சிய பாக்க முடியல. லைஃப்டைம் வாரண்டின்னு சொல்றது பெரும்பாலும் ஃப்ரேமுக்குத்தான், கேபிள், ரெக்சின், பேரிங்குக்கு எத்தன மாசம்னு தனியா கேளுங்க.

புல்லி சின்னதா இருந்தா கேபிள் சீக்கிரம் போயிரும், வளைவு அதிகம்ல. மேல இருக்குற நைலான் கோட்டிங் வெடிச்சு உள்ள கம்பி தெரிஞ்சுச்சுன்னா அன்னைக்கே மிஷின நிறுத்திருங்க, ரெண்டு நாள் ஓட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க. செலக்டர் பின் (எத்தன கிலோன்னு பிளேட்ல சொருகுறது) தொலைஞ்சா போல்ட்ட சொருகுற பழக்கத்தையும் வர விடாதீங்க, பாதில நழுவி பிளேட் மொத்தமா விழும். எங்க மிஷின்ல பின்ன சுருள் வயர்ல கட்டிவிட்டுட்டோம். வாங்குறப்பவே ஒரு செட் கேபிள், ரெண்டு பின், அந்த ஸ்பெஷல் புஷ் எல்லாத்தையும் சேத்தே கேட்டு பில்லுல எழுதி வாங்கிக்கோங்க, அந்த நேரத்துல டீலர் இல்லன்னு சொல்ல மாட்டாரு.