திரையில் 37.7, முட்டைக்குப் பக்கத்தில் எவ்வளவு?

என் இன்குபேட்டரில் ஹீட்டரை எரியவிட்டு அணைக்கும் சுவிட்சான ரிலேயை மாற்றிய கையோடு, கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். "ஐம்பது முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் மெஷின் வாங்கலாமா, அடைக்கோழியே போதுமா?" என்று கேட்கிறவர்களுக்கான பதில் இது. தெர்மாகோல் பெட்டி, 12 வோல்ட் மின்விசிறி, தானாகத் திருப்பும் தட்டு, வெப்பநிலையைக் காட்டிக் கட்டுப்படுத்தும் டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் போர்டு. உள்ளூரில் கட்டித் தருகிற மெஷின்களில் பெரும்பாலும் இந்தக் கூட்டணிதான், அதனால் யாரிடம் வாங்கினாலும் இந்தத் தொல்லை பொருந்தும்.

தொல்லை ஒன்றே ஒன்றுதான். திரையில் தெரியும் வெப்பநிலையை நம்ப முடியாது. சென்சாரை மின்விசிறி ஓரமாகவோ மூடிக்கு அடியிலோ தொங்கவிட்டிருப்பார்கள். முட்டை மட்டத்தில் அளந்தால் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை வித்தியாசம் வரும். காகிதத்தில் சின்ன எண், ஆனால் கருவுக்கு அது பெரிய எண். அரை டிகிரி குறைந்தால் 21ஆம் நாள் பொரிய வேண்டியது 22, 23 என்று இழுக்கும், குஞ்சு சோர்ந்து கிடக்கும். கூடினால் 19, 20லேயே அவசரமாக வெளியே வரும், தொப்புள் சரியாக மூடியிருக்காது.

சரிபார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஜிப் போட்ட சின்ன பிளாஸ்டிக் கவரில் ஒரு முட்டை அளவு, அதாவது 50 மில்லி தண்ணீர் ஊற்றி, முட்டைத் தட்டிலேயே நான்கு மணி நேரம் விடுங்கள். பிறகு காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை அந்தத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். 99.5 முதல் 100 ஃபாரன்ஹீட், அதாவது திரைக் கணக்கில் 37.5 முதல் 37.8 செல்சியஸ் இருந்தால் சரி. வித்தியாசம் இருந்தால் போர்டில் செட் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தி, மெனுவில் சென்சார் திருத்தத்துக்கான பி4க்குப் போய் அந்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். தண்ணீர் கவரை வைக்கக் காரணம் இருக்கிறது. காற்று நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும், முட்டைக்குள் இருப்பது மெதுவாகத்தான் மாறும். நமக்கு வேண்டியது அந்த மெதுவான எண்.

அதே மெனுவில் பி1 என்பது ஹீட்டர் அணைந்து மறுபடி எரிவதற்கு இடையிலான வெப்பநிலை இடைவெளி. கம்பெனியிலிருந்து வரும்போது 2 டிகிரி இருக்கும். அப்படியே ஓட்டுகிறவர்கள்தான் "மெஷின் சரியில்லை" என்று முதலில் சொல்வார்கள். 0.3க்கு இறக்கினால் வெப்பம் சீராக நிற்கும். ஆனால் ரிலே நாள் முழுக்க டக் டக் என்று அடித்து, கான்டாக்ட் கருகும். கருகிய கான்டாக்ட் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஹீட்டர் அணையவே அணையாது. இந்தமுறை நடந்தது அதுதான். பெட்டியில் இருந்த முட்டை மொத்தமும் போயிற்று.

இதற்கு இரண்டு வேலை செய்யுங்கள். போர்டின் ரிலேயை ஹீட்டரில் நேரடியாகக் கோக்காமல், 12 வோல்ட் டிசி கொடுத்து ஒரு சாலிட் ஸ்டேட் ரிலேயை (கான்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்) இயக்க மட்டும் விடுங்கள். போர்டு ரிலேயின் கான்டாக்ட் வழியாகப் போகும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் கருகாது. ஹீட்டர் ஒயரிலேயே கேஎஸ்டி301 தெர்மல் கட்-ஆஃப் ஒன்றையும் வரிசையில் சேருங்கள், 40 டிகிரியில் அறுத்துவிடும் வகை. இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். இதைக் கட்டும்போதே போடாமல் விற்பதை மன்னிக்க முடியவில்லை.

மெஷினின் மற்ற பாகங்களைக் குறை சொன்னால் பாவம். திருப்பும் மோட்டார் சொன்ன நேரத்துக்குத் திருப்புகிறது. ராத்திரி எழுந்து முட்டை உருட்டும் வேலை இல்லை. 18ஆம் நாள் அதை நிறுத்த மட்டும் மறக்கக் கூடாது. தண்ணீர்த் தட்டைப் பொறுத்தவரை ஈரப்பதத்தைக் கூட்டுவது ஆழம் இல்லை, பரப்பு. ஐப்பசி மழையில் முதல் 18 நாளும் தண்ணீரே தேவைப்படாமல் போகலாம். சித்திரையில் உள்மாவட்டங்களில் தட்டின் இரண்டு வாய்க்காலும் நிரப்ப வேண்டும். ஈரமானியைவிடத் தராசை நம்புங்கள். 45 கிராம் முட்டை 18ஆம் நாள் 39, 39.5 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். 41லேயே நின்றால் தண்ணீர் அதிகம், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சு முட்டும். கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65, 70 சதவீதம் வைத்து, மூடியைத் திறக்காதீர்கள். ஓட்டைக் கொத்தியபின் வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். ஆவலில் திறந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிவிடும்.

இனி அடைக்கோழி. நல்ல சிறுவிடைக் கோழிக்கு, அதாவது சின்ன உடல்வாகு நாட்டுக்கோழிக்கு, பி1, பி4 எதுவும் கிடையாது. நாளுக்கு ஒருமுறை இறங்கி, இரை எடுத்து, எச்சம் போட்டு, கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். பத்துப் பன்னிரண்டு முட்டை தாராளமாக வைக்கலாம். பெரிய ரகமான பெருவிடை கனம், ஏறி மிதித்து உடைக்கும். ஆனால் எல்லாச் சிறுவிடையும் அடைக்கு ஆகாது. கையை நீட்டினால் சிலிர்த்து உறுமிக் கொத்துகிற கோழி கடைசிவரை உட்காரும். சத்தம் போட்டுவிட்டு எழுந்து ஓடுகிறது ஒரு வாரத்தில் கைவிடும். இரண்டு ராத்திரி கூமுட்டை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல முட்டையை மாற்றுங்கள். கூடையில் மணல், மேலே வைக்கோல், செள் என்கிற கோழிப்பேன் அண்டாமல் வேப்பிலை. இடிக்குப் பயந்து இரும்பும் கரித்துண்டும் வைப்பது ஊர் வழக்கம், வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு குறைவது பெரும்பாலும் பத்து நாள் பழைய முட்டையை அடை வைப்பதால்தான். ஏழு நாளுக்குள் இட்ட முட்டையாக, கூர்முனை கீழே வைத்துச் சேர்த்ததாக எடுங்கள்.

என் தீர்ப்பு: பத்து கோழிக்குள் வளர்ப்பவர்கள் மெஷின் வாங்க வேண்டாம். இரண்டு நல்ல அடைக்கோழி போதும். இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது மெஷினுக்கு நியாயமில்லைதான், ஆனால் இன்று வேறு பதில் வரவில்லை.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? மெஷினில் முட்டை வைக்கும் அதே நாளில் ஒரு கோழியையும் அடையில் உட்கார வையுங்கள். மெஷினில் பொரிந்த குஞ்சு இறகு உலர்ந்ததும், பிறந்து இரண்டு நாளுக்குள், நன்றாக இருட்டிய பிறகு இரண்டு குஞ்சை மட்டும் அதன் வயிற்றுக்கடியில் நுழைத்துவிடுங்கள். கோழி தாழ்ந்த குரலில் கொக் கொக் என்று அழைத்தால் மீதியையும் விடலாம். குஞ்சுக்குச் சூடு தரும் புருடர் கூண்டு, அதன் பல்பு, 95 ஃபாரன்ஹீட் கணக்கு எல்லாம் மிச்சம். கொத்தினால் உடனே எடுத்து புருடரில் விட்டு, அந்தக் கோழியிடம் அன்று மறுபடி முயற்சி செய்யாதீர்கள்.