தாராபுரம் பக்கம் ஒரு கட்டண வான்நோக்கல் இரவு

பங்குனி அமாவாசையன்று தாராபுரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்துச் சாளையில் நடந்த கட்டண வான்நோக்கல் நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விண்மீன் மண்டலங்களைக் கண்ணாலேயே காணலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அது அங்கிருந்த பத்து அங்குல ஆடி கொண்ட டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியால் ஆகாத காரியம்.

அந்தக் கருவி காட்டியது கன்னி ராசியிலுள்ள மார்க்கரியன் சங்கிலி என்னும் விண்மீன் மண்டல வரிசையை. அதிலுள்ள எம்84, எம்86 என்னும் மண்டலங்கள் இரண்டும் கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்ததைப் போல மங்கலாகத் தெரிந்தன. பக்கத்திலிருந்த ‘கண்கள்’ என்னும் மண்டல இணை, ஓரக்கண்ணால் பார்த்த பிறகே பிடிபட்டது.

“ஏனுங்க தம்பி, ஆயிரம் கோடின்னு போட்டிருந்தீங்களே, இது எத்தனைங்க?” என்று அம்மா கேட்டார்.

“அஞ்சு கோடி ஒளியாண்டுக்குச் சொச்சங்கம்மா, ஒளி கிளம்பி அத்தன வருசமாச்சுங்க” என்று தொலைநோக்கியைக் காட்டிய பையன் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

விளம்பரம் சொன்ன பொருள், திரையில் ஒரு மணி நேரம் நடந்த விளக்கத்தில்தான் கிடைத்தது. கொடுத்த பணத்துக்கு ஈடானதும் அந்த ஒரு மணி நேரமே. இளம் மண்டலங்களில் விண்மீன்கள் பிறக்கும் இடத்தைத் தூசு மூடியிருப்பதால், அது விழுங்கிய ஒளி அகச்சிவப்பாக வெளியேறி, விண்வெளி விரிவில் நீண்டு, மில்லிமீட்டர் அளவு அலையாக நம்மை வந்தடைகிறது என்பதையும், காற்றின் ஈரம் அதை உறிஞ்சிவிடும் என்பதால்தான் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் அல்மா என்னும் ரேடியோ தொலைநோக்கித் தொகுதியின் 66 அலைவாங்கிகளை நிறுவினார்கள் என்பதையும் படங்களோடு விளக்கினார்கள். 2018இல் அறிவிக்கப்பட்ட எஸ்பிடி2349-56 என்னும் மண்டலக் கூட்டத்தில், இன்று நம்மை வந்தடையும் ஒளி புறப்பட்ட 1,240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, 14 மண்டலங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, ஆண்டுக்குச் சில ஆயிரம் சூரியன்களின் நிறை அளவுக்கு விண்மீன்களை உண்டாக்கிக்கொண்டிருந்தன. நமது பால்வீதியில் அது ஓரிரு சூரியன்களின் அளவுதான். இப்படிப்பட்ட கூட்டமே ஈர்ப்பினால் திரண்டு, வாயு தீர்ந்து, விண்மீன் பிறப்பு ஓய்ந்து மண்டலங்களின் பெருங்கொத்தாக முதிர்கிறது என்று கேட்டபின், அம்மா மறுபடியும் வரிசையில் போய் நின்று, அப்படியொரு கொத்தைச் சேர்ந்த எம்86ஐப் பார்த்தார்.

குறைகளும் உண்டு. நாற்பது பேருக்கு ஒரே தொலைநோக்கி. பக்கத்துக் கோழிப்பண்ணை விளக்கை மறைக்கத் தார்ப்பாய்கூடக் கட்டவில்லை. காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளுக்கு அவர்கள் பொறுப்பில்லை. அரிசிம்பருப்புச் சாதம் சூடாக இருந்தது.

வைகாசிக்குப் பின் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் ஏறிவிடும் என்பதால், போக நினைப்பவர்கள் சித்திரை அமாவாசைக்குள் போய்விடுவது நல்லது.