நோர்வேயில் பனி ஸ்கூட்டர் ஓட்ட ஆள் எடுக்கிறோம் என்று சொன்னால் கவனம்: எட்டரை இலட்சம் போய்விட்டது

நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தால் அலுவலகக் கதவில் பூட்டு. கீழே இருக்கிற கடைக்காரர், "அவை எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போட்டினம் தம்பி" என்கிறார். எட்டரை இலட்சம் ரூபாய். ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாண நகரில் ஒரு மேல்மாடியில் இருந்த வெளிநாட்டு வேலை, பயிற்சி நிலையம் அது. முறைப்பாடு போகிறபடியால் பெயரை இப்போது போடவில்லை. நோர்வேயின் வடக்கே காட்டில் குளிர்கால வேலை, பனி ஸ்கூட்டரில் மரக்குற்றி இழுக்க ஆள் தேவை, ஆங்கிலம் கட்டாயமில்லை. முகநூலில் வந்த விளம்பரம் இவ்வளவுதான்.

அங்கே இருந்தவர் எடுத்தவுடன் காசைப் பற்றிக் கதைக்கவில்லை. டப்லெட்டில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். முன்னுக்கு இரண்டு சறுக்குப் பலகை, பின்னுக்கு அகலமான ரப்பர் பட்டி, ஒரு ஆள் இருந்து ஓடுகிற சின்ன இயந்திரம். முதலில் பாரம் ஏதும் இல்லாமல் பஞ்சுப் பனியில் போய்வந்து பாதையை அமத்துகிறார்கள். இரவு அப்படியே விட்டால் அமத்தின பனி உறைந்து இறுகிவிடும். அடுத்த நாள் அதே பாதையில் பின்னால் சறுக்குவண்டி கொழுவி, குற்றிகளை ஏற்றி இழுத்து வருகிறார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓடின ஆள்தானே, வயலுக்குள்ள அது புதைஞ்சால் என்ன செய்வியள்?" என்று கேட்டார். நான் சொன்னேன். உடனே அவர் சொன்னார்: "பனியும் அதுதான் தம்பி. முறுக்க முறுக்க இன்னும் தாழும். இறங்கி முன்னுக்குப் பனியை மிதிச்சுவிட்டிட்டு மெதுவா எடுக்கவேணும்."

தொழில் தெரிந்தவன் பேசுகிற பேச்சு அது. வீட்டில் வந்து அதைச் சொல்லித்தான் மனைவியைச் சம்மதிக்க வைத்தேன். லான்ட்மாஸ்டரை விற்றேன். தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் அடகில். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த எட்டரை இலட்சம். எண்ணி மேசையில் வைத்தபோது தேத்தண்ணீர் எடுப்பித்துத் தந்தார்.

பயிற்சி என்று ஒன்றும் நடந்தது. இயந்திரம் கிடையாது. பழைய மோட்டார் சைக்கிள் ஹான்டிலை மேசையில் பூட்டி வைத்து, முறுக்கு, விடு, முறுக்கு, விடு. முடிய ஒரு சான்றிதழ், தங்க நிற முத்திரையோடு. நோர்வேயில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணாவுக்கு அதைச் சொன்னேன். சிரித்தார். "அதில முறுக்கிறதே இல்லையடா. வலக்கைப் பெருவிரலால ஒரு நெம்பை அமத்திறது." பிறகு அவர் சிரிக்கவில்லை. ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வேலைக் காலம்: ஜூன் முதல் நவம்பர் வரை. ஜூனில் அந்தக் காட்டில் எங்கே பனி? குற்றி இழுக்க என்று நம்மைக் கோடையில் அனுப்புகிறார்களாம்! அங்கே பனி ஸ்கூட்டர் ஓட எஸ் என்ற தனி வகுப்புச் சாரதி உரிமம் வேண்டும், 1977இல் வந்த சட்டத்தின்படி காட்டுவெளியில் நினைத்தபடி இயந்திர வாகனம் ஓடவும் முடியாது, விவசாயம் காட்டு வேலை என்று தேவைக்குத்தான் என்றும் சொன்னார். இங்கே எனக்குச் சொன்னது, "எங்கட சான்றிதழ் காணும்."

அதன் பிறகு தொடங்கியது இழுத்தடிப்பு. "சேர் கொழும்பில." "பைல் எம்பசியில, அடுத்த கிழமை கூப்பிடுவினம்." எந்த எம்பசி? கொழும்பில் இருந்த நோர்வேத் தூதரகம் 2023 ஜூலையோடு மூடியாயிற்று. அதைக் கேட்டதும், "அது டெல்லி எம்பசியைச் சொன்னது அண்ணை" என்றாள் முன்மேசைப் பிள்ளை. அடுத்த முறை, "நான் புதுசு, எனக்கொண்டும் தெரியாது." வட்ஸ்அப்பில் நீலச் சரி விழும், பதில் வராது. ஒருநாள் ஆளே போன் எடுத்து, "அவசரப்படுகிற ஆக்களுக்கு வெளிநாடு சரிவராது தம்பி" என்றார். என்னுடைய எட்டரை இலட்சத்தை வைத்துக்கொண்டு எனக்குப் புத்திமதி!

பொலிஸுக்குப் போக முன் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் அதில் விசா என்றோ வேலை என்றோ ஒரு சொல்லும் இல்லை. "ஆலோசனை மற்றும் பயிற்சிக் கட்டணம்." பயிற்சி தந்தோம் என்று சொல்லித் தப்பலாம் என்ற கணக்கு.

என்னென்ன கவனிக்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், நேரம் இல்லை. காசு கொடுக்க முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து, அந்த நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இந்த வேலைக்கு ஆள் எடுக்க ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் எடுப்பது குற்றம். பற்றுச்சீட்டில் எதற்கான காசு என்று எழுதியிருக்கிறது என்பதை அங்கேயே நின்று வாசியுங்கள். ஒப்பந்தத்தை அந்த நாட்டில் இருக்கிற யாராவது சொந்தக்காரருக்குக் காட்டுங்கள்.

இதே வீடியோவையும் தங்க முத்திரைச் சான்றிதழையும் கண்டவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டைத் தொலைக்காமல் எனக்கு அறிவியுங்கள். திங்கட்கிழமை காலை பொலிஸுக்குப் போகிறேன், கூட்டாகப் போனால் நல்லது.