மேசை ரம்பம் வாங்கப் போகிறீர்களா? முதலில் கைடைப் பாருங்கள்

மேசையின் நடுவே வட்டப் பிளேடு எழும்பி நிற்கும் மேசை ரம்பத்தை நான் வாங்கி ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது. இரண்டு கட்டில், ஓர் ஊஞ்சல் பலகை, சமையலறை அலமாரிகள் முழுவதும், அம்மாவுக்கு ஒரு பூசை மாடம், தெருப் பிள்ளைகளுக்கு நான்கைந்து படிப்பு மேசைகள். இவ்வளவும் இந்த ஒரு ரம்பத்தில் அறுத்தவை. வீட்டில் மரவேலை செய்ய ஆசைப்பட்டு மேசை ரம்பம் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்பதுதான். அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி கைடைப் பற்றியது. பலகையின் ஓரத்தை ஒட்டிப் பிடித்துத் தள்ளுகிறோமே, அந்த நீளச் சட்டத்தைச் சொல்கிறேன். ரம்பம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் மரம் எங்கே போகும் என்பதைக் கைடுதான் முடிவு செய்கிறது.

என்னிடம் இருப்பது எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப் போவதில்லை. நான் எழுதப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்த அளவில், இந்த விலையில் வரும் எல்லா இயந்திரங்களிலும் இருப்பவை. ஒரு பெயரைச் சொன்னால் அந்தக் குறை அதற்கு மட்டுமே உரியது போலாகிவிடும்.

புதுக்கோட்டையில் வீட்டின் பின்பக்கம் 10க்கு 12 அடியில் ஒரு கொட்டகை. அதுதான் என் தச்சறை. இரவில் இரண்டு வண்டிகளும் அங்கேதான் நிற்க வேண்டும். வார்ப்பிரும்பு மேசை வைத்த பெரிய ரம்பம் 200 கிலோவை எளிதாகத் தாண்டும். வைத்தால் வைத்த இடம்தான். ஆகவே இருவர் தூக்கி ஓரமாக வைக்கக்கூடியது வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. இன்னொரு வழியும் உண்டு. நம் ஊர் ஆசாரிகள் பலர் கையால் பிடித்து அறுக்கும் கட்டரைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு பிளைவுட் மேசைக்கு அடியில் திருகிவிட்டு வேலை செய்வார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் அதில் பிளேடுக்கு மூடி இல்லை, பின்னால் மரம் இறுகாமல் காக்கும் தகடு இல்லை, அவசரத்துக்குத் தட்டி நிறுத்த சுவிட்ச் கைக்கு எட்டாது. விரல் நுனி இல்லாத மூன்று ஆசாரிகளை எனக்குத் தெரியும். அந்த வழியே வேண்டாம் என்று முதலிலேயே விட்டுவிட்டேன்.

திருச்சியில் ஒரு கருவிக் கடையில் மூன்று இயந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிவால்ட், போஷ், மக்கிட்டா போன்ற கம்பெனிகளின் பத்து அங்குல மாடல்கள் பெரும்பாலும் 1500 முதல் 2000 வாட்டுக்குள்தான் வருகின்றன. பிளேடை முழுதாக உயர்த்தினால் ஏறத்தாழ மூன்று அங்குல ஆழம் அறுக்கும். 45 பாகைக்குச் சாய்த்தால் இரண்டேகால் அங்குலத்தை ஒட்டி நிற்கும். தாளில் படித்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் சட்டைப்பையில் ஓர் எஃகு அளவுகோல் கொண்டுபோயிருந்தேன். கைடைப் பூட்டிவிட்டு, பிளேடின் முன்பல்லிலிருந்து கைடு வரை ஒரு தடவை, பின்பல்லிலிருந்து ஒரு தடவை அளந்தேன். பிறகு கைடின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளிப் பார்த்தேன். முதல் இயந்திரத்தில் பின்முனை ஒரு மி.மீட்டருக்கு மேல் நகர்ந்தது. இரண்டாவதில் பூட்டும்போதே கைடு பிளேடின் பக்கம் சாய்ந்தது. திறந்து பூட்டினால் ஒவ்வொரு தடவையும் வேறு அளவு. மூன்றாவதில் கைடைத் திருகு ஒன்றைத் திருப்பித்தான் நகர்த்த வேண்டும். முன்னாலும் பின்னாலும் பல்சட்டமும் பல்சக்கரமும் இருப்பதால் இரு முனைகளும் சேர்ந்தே நகர்ந்தன. ஐந்து தடவை திறந்து பூட்டினேன். ஐந்து தடவையும் அளவு மாறவில்லை. மற்ற இரண்டையும்விட ஆறாயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் அதையே எடுத்தேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கைடின் பின்முனை அரை மி.மீ. பிளேடின் பக்கம் சாய்ந்தாலும் மரம் பிளேடுக்கும் கைடுக்கும் இடையே இறுகும். முதலில் அறுத்த ஓரம் கருகும். தேக்கில் அந்தக் கருகலை இழைப்புளி போட்டுத்தான் எடுக்க வேண்டும். கருகல் சின்னத் தொல்லை. இறுகிய மரம் திருப்பி எறியப்படுவதுதான் பெரிய ஆபத்து.

அதை நான் என் உடம்பில் அனுபவித்தேன். இரண்டாம் ஆண்டு ஆடி மாதம். கொல்லையில் விழுந்த வேப்ப மரத்தை மில்லில் அறுத்து, இரண்டு அங்குலப் பலகையாக்கி அடுக்கி வைத்திருந்தேன். சரியாகக் காயவில்லை. முதல்நாள் வேறொரு வேலைக்குக் காடி, அதாவது பலகையில் நீளப் பள்ளம், எடுப்பதற்காகப் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டைக் கழற்றியிருந்தேன். மறுநாள் காலையில் அதை மாட்டாமலே வேப்பம்பலகையை நீளவாக்கில் பிளக்கத் தொடங்கினேன். பாதி தூரம் போனதும் ரம்பத்தின் குரல் தாழ்ந்தது. அடுத்த கணம் பலகை என் வலது விலாவுக்குக் கீழே மோதி, பின்சுவரில் போய் விழுந்தது. சுவரில் இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது. மூன்று வாரம் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இன்னும் நான்கு அங்குலம் கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை இங்கே எழுத விரும்பவில்லை.

நடந்தது இதுதான். பிளேடின் முன்பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்தி அறுக்கின்றன. பின்பற்கள் மேல்நோக்கி எழும்புகின்றன. உள்ளே விறைப்பு இருக்கும் மரத்தை அறுத்தால், அறுத்த வாய் தானாக மூடிக்கொண்டு பின்பற்களைப் பிடிக்கும். நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும் பத்து அங்குல பிளேடின் விளிம்பு மணிக்கு 190 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகம் மரத்தைப் பிடித்துக்கொண்டால் அது வரும் திசை நாம் நிற்கும் திசை.

இதை எங்கள் தெருவில் நாற்பது ஆண்டாகத் தச்சுவேலை செய்யும் ஆசாரியிடம் சொன்னேன். அவர் சிலகணம் யோசித்துவிட்டு, "வாய் மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே தள்ள வேண்டும் தம்பி. நாங்கள் கைரம்பத்தில் பிளக்கும்போது பின்னால் ஓர் ஆப்பு வைத்துக்கொண்டே வருவோமே, அதை மறந்துவிட்டீர்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையேட்டில் ரிவிங் நைஃப் என்று போட்டிருக்கும் அந்த மெல்லிய எஃகுத் தகடு வேறு எதுவும் இல்லை, அவர்கள் வைத்த ஆப்புதான். பிளேடோடு ஏறி இறங்கும் ஆப்பு. அதைக் கழற்றியது நான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். காடி எடுக்கத் தகட்டைக் கழற்ற நேர்ந்தால், அதை ஒரு கயிற்றில் கோத்து ரம்பத்தின் பிளக்கில் கட்டித் தொங்கவிடுகிறேன். தகட்டைக் கையில் எடுக்காமல் பிளக்கைச் செருக முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள், தகட்டைக் கழற்றாமலே தாழ்த்திக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். இருந்தால் காடி எடுக்கும்போதும் அது பிளேடுக்குப் பின்னால் பதுங்கி நிற்கும். பிளேடு மாற்றும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தகட்டின் தடிமன் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், பற்கள் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று மிக மெல்லிய பிளேடு ஒன்றை வாங்கிப் போட்டேன். பலகை பாதியில் தகட்டில் முட்டி நின்றுவிட்டது.

விரல் பட்டவுடன் நின்றுவிடும் ரம்பம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் 1999இல் உருவாக்கிய சாஸ்டாப் முறை அது. பிளேடில் சிறு மின்குறிப்பு ஓடிக்கொண்டிருக்கும். தோல் பட்டதும் ஓர் அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து ஏறத்தாழ ஐந்து மில்லி விநாடியில் நிறுத்திவிடும். அருமையான கண்டுபிடிப்பு. நான் பார்த்த கடைகளில் கிடைக்கவில்லை. கிடைத்தாலும், மரம் திருப்பி எறியப்படுவதை அது தடுக்காது. அதற்கு ஆப்புத் தகடும் நேரான கைடும்தான் காவல்.

பிளைவுட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 8க்கு 4 அடி, 18 மி.மீ. தடிமன் பிளைவுட் ஒன்று 30 கிலோவுக்குக் குறையாது. இந்த வகை ரம்பங்களில் பல 22 முதல் 26 கிலோதான். அதாவது பலகை, இயந்திரத்தைவிடக் கனம். முழுப் பலகையை ஏற்றித் தள்ளினால் ரம்பமே சாய்ந்துவிடும். எனக்கு முதல் மாதமே கால்கள் ஒரு பக்கம் தூக்கின. கடையிலேயே இரண்டாகவோ மூன்றாகவோ அறுத்து வாங்கிக்கொள்கிறேன், அல்லது தரையில் தெர்மோகோல் விரித்துக் கை ரம்பக் கட்டரால் பெரிய துண்டுகளாக்குகிறேன். ரம்பத்துக்குப் பின்னால் அதே உயரத்தில் ஒரு மேசையும் செய்து வைத்திருக்கிறேன். பிளைவுட் வேலை மட்டுமே செய்யப்போகிறவருக்கு மேசை ரம்பமே வேண்டாம். தண்டவாளம் போன்ற நீளக் கைடோடு வரும் கட்டர் போதும். பலகையை ரீப்பராகப் பிளப்பதும், ஒரே அளவில் இருபது சட்டம் எடுப்பதும்தான் மேசை ரம்பத்தின் வேலை.

நான் பெரும்பாலும் பழைய பர்மா தேக்கில் வேலை செய்கிறேன். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் உத்தரங்களும் நிலைகளும் காரைக்குடிப் பக்கம் விற்பனைக்கு வரும். நூறு ஆண்டு காய்ந்த மரம். அறுத்தால் ஒரு நூல்கூட வளையாது. ஆனால் உள்ளே ஆணி இருக்கும். தலை துருப்பிடித்து உதிர்ந்து, மேலே மரத்தூளும் வார்னிஷும் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. முதல் தேக்கு நிலையிலேயே 40 பல் பிளேடில் மூன்று பற்கள் உடைந்து போயின. பிறகு ஆசாரிதான் காட்டிக்கொடுத்தார்: இரும்பு இருந்த இடத்தில் தேக்கு நீலங்கலந்த கருப்பாக மாறியிருக்கும். பலகையின் மேல்தோலை இழைப்புளியால் ஒரு சுற்று எடுத்தால் அந்தக் கரு வட்டங்கள் தெரிந்துவிடும். சந்தேகமான இடத்தின் மேல் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு நகர்த்துகிறேன். காந்தம் ஒரு பக்கம் இழுபட்டால் உள்ளே ஆணி.

விலை கூடிய மரத்தில் பிளேடின் தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரணப் பிளேடு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மரத்தைத் தூளாக்கும். பத்து தடவை பிளந்தால் ஒன்றேகால் அங்குலம் தேக்கு தரையில் கிடக்கும். பிளக்க 24 பல், குறுக்கே அறுக்கவும் பிளைவுட்டுக்கும் 60 பல், இரண்டே போதும். வாங்கும் முன் நடு ஓட்டையின் அளவைப் பாருங்கள். 25.4 மி.மீ., 30 மி.மீ. என்று இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. தவறானதை வாங்கிவிட்டு வளையம் போட்டு ஒப்பேற்றுவது சரியில்லை. வேம்பின் பிசினும் தேக்கின் எண்ணெயும் பல்லில் படிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது போலத் தோன்றும். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் பாதி நாள் சாணைக்கே போக வேண்டியிருக்காது.

குறுக்கே அறுக்கும்போது மரத்தைப் பிடித்துத் தள்ள இயந்திரத்தோடு வந்த கோண அளவி பயனற்றது. மேசைக் காடியில் தளர்வாக ஆடுகிறது. இந்த வகையில் நான் பார்த்த எல்லாமே அப்படித்தான். அதற்குப் பதிலாக இரண்டாம் மாதமே 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு சறுக்குப் பலகை செய்து, அடியில் தேக்குச் சட்டங்களை மேசைக் காடியில் இறுக்கமாக ஓடும்படி இழைத்துப் பொருத்தினேன். அது மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு சதுரப் பலகையை நான்கு பக்கமும் வரிசையாகத் திருப்பித் திருப்பி அறுத்து, ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு மெல்லிய பட்டை எடுங்கள். அந்தப் பட்டையின் இரு முனை அகலங்களின் வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் அதுதான் உண்மையான பிழை. எனக்கு 400 மி.மீ. பட்டையில் முதலில் 0.8 மி.மீ. வந்தது. ஓர் அறுப்புக்கு 0.2. ஒரு திருகைத் தளர்த்தி, காகிதத் துண்டு செருகி, மூன்றாவது முயற்சியில் சரிசெய்தேன்.

மின்சாரம்: 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் வைத்துத் தனி இணைப்பு இழுத்துவிடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியில் ஓட்டினால் கம்பி சூடாகும், மோட்டாரும் திணறும். எங்கள் தெருவில் மாலையில் மின்னழுத்தம் இறங்குவதால் கனமான மரத்தைக் காலையில்தான் பிளக்கிறேன். மோட்டாரின் கார்பன் பிரஷ்களை நான்காம் ஆண்டில் ஒரு முறை மாற்றினேன். பத்து நிமிட வேலை. சத்தம் கடுமை, காதடைப்பான் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். தூசும் அப்படித்தான். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அடிப்பக்கம் திறந்திருப்பதால் வேக்குவம் மாட்டினாலும் பாதித் தூள் கொட்டகையில்தான் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன், பெரிய வேலைகளை வெளியில் தூக்கிவைத்துச் செய்கிறேன். தூக்க முடிகிற ரம்பம் வாங்கியதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

போன வாரம் கைடை மறுபடி சோதித்தேன். முன்பல்லுக்கும் கைடுக்கும் நடுவே ஒரு கட்டையைச் சரியாகப் பொருந்தும்படி செதுக்கி, அதே கட்டையைப் பின்பல்லுக்குக் கொண்டுபோனேன். அங்கே கட்டையோடு ஒரு ஜெராக்ஸ் தாளும் நுழைந்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஒரு தாளின் தடிமன்தான் விலகல், அதுவும் பிளேடை விட்டு வெளிப்பக்கமாக. மரம் இறுகாமல் இருக்க அது நல்லதுதான் என்று திருகைத் தொடவில்லை.